கர்ப்பப்பையை எடுக்காமல் தூக்கிக் கட்டிய டாக்டர்... யார் இந்த ஷிரோட்கர்?

பிரசவ வார்டு பக்கம் போய் வந்தவர்களுக்கு ஷிரோட்கர் ஸ்டிச் என்ற பெயர் ஒருமுறையாவது காதில் விழுந்திருக்கும். நாலாவது, ஐந்தாவது மாதத்தில் திரும்பத் திரும்பக் கரு கலைந்துபோகும் பெண்களுக்குக் கர்ப்பப்பை வாயில் போடுற தையல் அது. கேஸ் ஷீட்டில் எழுதுவார்கள், நர்ஸ் சொல்வார்கள், வீட்டில் பாட்டிகூட ஷிரோட்கர் போட்டிருக்கு என்பார். ஆனால் ஷிரோட்கர் என்பது ஒரு ஆளோட பெயர், அவர் கோவாவில் பிறந்து மும்பையில் வேலை பார்த்த இந்திய டாக்டர் என்பது பலருக்கும் தெரியாது. ஏதோ நூல் கம்பெனி பெயர் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தத் தையல் அவரோட பாதிக் கதைதான். மீதிப் பாதி, பெண்கள் வெளியே சொல்லவே கூச்சப்படும் ஒரு பிரச்சினையில் இருக்கிறது. கர்ப்பப்பை இறக்கம். அந்தப் பிரச்சினைக்கு உலகமெங்கும் டாக்டர்கள் கத்தியை எடுத்து வெட்டிக்கொண்டிருந்த காலத்தில், வெட்டாமல் தூக்கிக் கட்ட முடியுமா என்று யோசித்தவர் விட்டல் நாகேஷ் ஷிரோட்கர்.

கர்ப்பப்பை ஏன் இறங்குது?

கர்ப்பப்பை எலும்பில் மாட்டப்பட்ட உறுப்பு கிடையாது. கீழே இடுப்புத் தளத் தசைகள் ஒரு தொட்டில் மாதிரி அதைத் தாங்கும். பக்கவாட்டிலும் பின்புறமும் தசைநார்கள் கயிறு மாதிரி இழுத்துப் பிடித்திருக்கும். தொட்டில் தளர்ந்தாலோ கயிறு நைந்தாலோ கர்ப்பப்பை மெல்ல மெல்லப் பிறப்புறுப்புக்குள் இறங்கும். ஆரம்பத்தில் அடிவயிற்றில் ஏதோ கனமாக இருக்கிற மாதிரி தோன்றும். முற்றிய நிலையில் நடக்கும்போதே வெளியே வந்துவிடும். துணியில் உரசிப் புண்ணாகும். முன்னால் இருக்கிற சிறுநீர்ப்பையும் சேர்ந்து இறங்கினால் சிறுநீர் முழுசாகப் போகாது, சில பேருக்கு அடக்கவும் முடியாது.

அடுத்தடுத்த பிரசவம், நாள்கணக்கில் நீளும் பிரசவ வலி, கர்ப்பப்பை வாய் முழுசாகத் திறப்பதற்கு முன்பே முக்கச் சொல்வது, பிள்ளை பெற்ற கையோடு குடம் தூக்கப் போவது, தீராத இருமல், நாள்பட்ட மலச்சிக்கல் என்று காரணங்கள் பல. சத்தான சாப்பாடு இல்லாத உடம்பில் எல்லாமே சீக்கிரம் தளரும். வேறொரு வகையும் உண்டு. பிள்ளையே பெறாத இளம் பெண்ணுக்கும் பிறவியிலேயே தாங்குதசைகள் பலவீனமாக இருந்தால் இறங்கிவிடும். ஷிரோட்கர் கதையில் இந்தப் பெண்கள்தான் முக்கியம்.

ஏணியில் தலைகீழாக...

இந்தப் பிரச்சினை மனித இனத்துக்குப் புதுசு இல்லை. பழங்கால கிரேக்கத்தில் பெண்ணை ஏணியில் தலைகீழாகக் கட்டி, ஏணியைத் தூக்கித் தூக்கிக் குலுக்குவார்களாம். இறங்கியது தானாக உள்ளே போய்விடும் என்று நம்பிக்கை. மாதுளம்பழத்தைப் பாதியாக வெட்டி உள்ளே வைத்து முட்டுக் கொடுத்ததும் அதே காலத்து வைத்தியம்தான். கேட்கும்போது சிரிப்பு வரலாம். ஆனால் இன்றைக்கும் டாக்டர்கள் வைக்கிற சிலிக்கான் வளையம் அந்த மாதுளையின் பேத்திதான்.

ஆபரேஷன் வந்தது 19-ம் நூற்றாண்டில். 1813-ல் ஜெர்மனியின் கான்ராட் லாங்கன்பெக் பிறப்புறுப்பு வழியாகவே கர்ப்பப்பையை எடுத்துக் காட்டினார். மயக்க மருந்து புழக்கத்துக்கு வருவதற்கு 30 வருஷத்துக்கும் முன்னால் நடந்தது இது. 1877-ல் பிரான்ஸின் லெ ஃபோர்ட் வேறு வழி சொன்னார். பிறப்புறுப்பின் முன்சுவரையும் பின்சுவரையும் ஒன்றாகத் தைத்துப் பாதையையே மூடிவிடுவது. எதுவும் வெளியே வராதுதான். தாம்பத்தியமும் அதோடு முடிந்தது. வயதான பெண்களுக்கு மட்டுமே பொருந்துகிற வைத்தியம்.

இந்த இரண்டுக்கும் நடுவில் வந்ததுதான் மான்செஸ்டர் ஆபரேஷன். இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரத்தில் ஆர்ச்சிபால்ட் டொனால்ட் 1888-ல் தொடங்கி வைத்தார், அவருக்குப் பின் வந்த வில்லியம் ஃபாதர்கில் அதைத் திருத்தினார். நீண்டுபோன கர்ப்பப்பை வாயை வெட்டி எடுத்துவிட்டு, பக்கவாட்டுத் தசைநார்களை முன்னால் இழுத்துத் தைப்பார்கள். கர்ப்பப்பை உள்ளேயே இருக்கும். இரண்டு தலைமுறை டாக்டர்கள் இதை நம்பினார்கள். மும்பையிலும் இதைத்தான் செய்தார்கள்.

சிக்கல் எங்கே தெரியுமா? கர்ப்பப்பையின் வாய் சும்மா ஒரு தோல் நுனி இல்லை. பிள்ளை வளர்கிற 9 மாசமும் அதுதான் பூட்டு. பூட்டை வெட்டிவிட்டால் அந்தப் பெண் கருத்தரிப்பதே கஷ்டம். தரித்தாலும் பாதியில் கலையலாம், குறைமாசத்தில் பிறக்கலாம். நாலைந்து பிள்ளை பெற்று முடித்த இங்கிலாந்துப் பெண்ணுக்கு இது பெரிய இழப்பாகத் தெரியாது. 20 வயசில், ஒரு பிள்ளையோடு, அல்லது பிள்ளையே இல்லாமல் வந்து நிற்கிற பெண்ணுக்கு?

ஷிரோடாவிலிருந்து மும்பைக்கு

அந்தப் பெண்களைத்தான் ஷிரோட்கர் தினம் தினம் பார்த்தார்.

1899-ல் கோவாவின் ஷிரோடா கிராமத்தில் பிறந்தவர் அவர். ஊர்ப் பெயரே குடும்பப் பெயர். அப்போது கோவா போர்த்துக்கீசியர் ஆட்சியில் இருந்தது. பிரிட்டிஷ் இந்தியாவுக்கு வந்து, அன்றைய பம்பாயின் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் டாக்டருக்குப் படித்தார். 1927-ல் மகப்பேறு, பெண்கள் நோய்ப் பிரிவில் எம்.டி. அதன்பின் இங்கிலாந்து போய் 1931-ல் எஃப்.ஆர்.சி.எஸ். பட்டம் வாங்கினார். அன்றைக்கு இந்திய டாக்டருக்கு அது பெரிய அங்கீகாரம். ஊர் திரும்பிப் படித்த கல்லூரியிலேயே பேராசிரியர் ஆனார்.

பைகுல்லா பகுதியில் ஜே.ஜே. ஆஸ்பத்திரி வளாகத்தில் இருக்கிறது அந்தக் கல்லூரி. 1845-ல் தொடங்கியது. ஆலைத் தொழிலாளர் குடும்பங்கள், கொங்கணக் கடற்கரையிலிருந்து பிழைக்க வந்தவர்கள் என்று வருகிற கூட்டத்துக்குக் குறைச்சலே இல்லை.

அன்றைய நிலவரத்தையும் சேர்த்துப் பார்க்கணும். பெண்ணின் திருமண வயதை 14 ஆக்கிய சாரதா சட்டம் வந்ததே 1929-ல்தான். சட்டம் வந்த வேகத்தில் ஊர் மாறிவிடவில்லை. 15, 16 வயசில் முதல் பிரசவம், அதுவும் வீட்டில். 20 வயசுக்குள் உடம்பு தளர்ந்து, இறங்கிய கர்ப்பப்பையோடு ஆஸ்பத்திரி வாசலுக்கு வருவார்கள். கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் அந்தப் பெண்ணின் நோய் தீரும். வீட்டில் அவள் இடம் போகும். பிள்ளை இல்லை என்று சொல்லிக் கணவன் இன்னொரு கல்யாணம் செய்துகொள்ள அன்றைக்கு இந்து ஆணுக்கு சட்டத் தடையும் கிடையாது. 1955-ல் இந்து திருமணச் சட்டம் வந்த பிறகுதான் நாடு முழுக்க அது தடையானது.

அதனால் ஆபரேஷன் தியேட்டரில் எதை வெட்டலாம் என்ற கேள்வி, வெளியே ஒரு பெண்ணின் வாழ்க்கைக் கேள்வியாகவும் இருந்தது. லண்டனில் படித்த பாடத்தை அப்படியே இங்கே செய்தால் ஒத்துவராது என்பதை ஷிரோட்கர் பிடித்துக்கொண்டது இந்த இடத்தில்தான்.

பூட்டை வெட்டாதே, கயிற்றை மாற்றிக் கட்டு

முதலில் மான்செஸ்டர் ஆபரேஷனிலேயே கை வைத்தார். கர்ப்பப்பையின் பின்புறத்திலிருந்து இரண்டு தசைநார்கள் கிளம்பி, முதுகெலும்பின் அடியில் உள்ள சேக்ரம் எலும்பு வரை போகும். கர்ப்பப்பையைப் பின்னால் மேல்நோக்கிப் பிடித்து வைத்திருப்பதே அவைதான். ஷிரோட்கர் என்ன செய்தார் என்றால், அந்த இரண்டையும் கர்ப்பப்பை வாய் ஒட்டிய இடத்தில் பிரித்தெடுத்து, இழுத்து, முன்புறமாகக் கொண்டுவந்து ஒன்றோடு ஒன்று குறுக்காகத் தைத்தார். தளர்ந்த பாவாடை நாடாவை இழுத்து முன்னால் முடிச்சுப் போடுகிற மாதிரி. கர்ப்பப்பை மேலே ஏறிவிடும். வாயை வெட்ட வேண்டிய அவசியம் இல்லை. பூட்டு அப்படியே இருக்கும், பிள்ளையும் பெறலாம்.

ஆனால் இதுக்கு ஒரு நிபந்தனை உண்டு. இழுக்கிற தசைநார் நல்லாயிருக்கணும். நைந்த கயிற்றை எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் மறுபடி தளரத்தான் செய்யும். பிறவியிலேயே பலவீனமான தசைநாரோடு வருகிற, பிள்ளையே பெறாத பெண்களுக்கு இந்த வழி உதவாது.

அப்போ பழைய கயிற்றை நம்பாமல் புதுக் கயிறே போட்டால் என்ன? இதுதான் ஷிரோட்கர் ஸ்லிங்.

ஸ்லிங் எப்படி வேலை செய்யுது?

இதற்கு வயிற்றைத் திறக்கணும். ஒரு நாடாவின் நடுப்பகுதியைக் கர்ப்பப்பையும் அதன் வாயும் சேரும் கழுத்துப் பகுதியின் பின்புறத்தில் தைப்பார்கள். நாடாவின் இரண்டு முனைகளும் பின்னால் போகும். போய்ச் சேருகிற இடம், சேக்ரம் எலும்பின் மேல் நுனியில் முன்னால் துருத்திக்கொண்டிருக்கும் பகுதி. எலும்பின் மேலுள்ள கெட்டியான சவ்வில் நாடாவைத் தைத்துவிட்டால், கர்ப்பப்பை இனி எலும்பிலிருந்து தொங்கும். தசை தளர்ந்தாலும் எலும்பு தளராதே.

சொல்வதற்கு எளிது. உள்ளே போனால்தான் தெரியும். வலதுபுறம் பெரிய தொந்தரவு இல்லை. ஆனாலும் சிறுநீர்க்குழாய் ஓடுகிற பாதை பக்கத்திலேயே இருக்கிறது, அதைத் தொடாமல் போகணும். இடதுபுறம்தான் பிரச்சினை. அங்கே பெருங்குடலின் வளைந்த பகுதி குறுக்கே கிடக்கிறது, அதற்குப் போகும் ரத்தக் குழாய்களும் இருக்கின்றன. நாடாவை நேராக இழுத்தால் குடலை நெருக்கிவிடும்.

இதுக்கு ஷிரோட்கர் கண்டுபிடித்த வழியில்தான் அவர் கைத்திறமை தெரிகிறது. முதுகெலும்பை ஒட்டி மேலிருந்து கீழே இறங்கும் ஸோவாஸ் என்ற தடித்த தசை இருக்கிறது. இடதுபுறத்தில் அந்தத் தசையில் ஒரு வளையம் அமைத்து, நாடாவை அதன் வழியாக விட்டுத் திருப்பி எலும்புக்குக் கொண்டுபோனார். கிணற்றுக் கயிறு கப்பியில் ஏறித் திரும்புகிற மாதிரி. குடல் தப்பியது, இழுவையும் இரண்டு பக்கமும் சமமாகக் கிடைத்தது.

நாடாவுக்கு எங்கே போவது? ஆரம்பத்தில் நோயாளியின் தொடையிலிருந்தே எடுத்தார். தொடையின் வெளிப்புறத் தசையைப் போர்த்தியிருக்கும் வெண்மையான உறுதியான உறை அது. சொந்த உடம்பின் திசு என்பதால் உடம்பு தள்ளிவிடாது. பிறகு மெர்சிலீன் என்ற பாலியஸ்டர் நாடா வந்தது. 5 மில்லிமீட்டர் அகலம்தான். தொடையில் தனியாக ஒரு வெட்டுக் காயம் தேவைப்படவில்லை.

மும்பையில் இதே காலத்தில் இன்னொரு பெயர்பெற்ற டாக்டர் குடும்பமும் இதே கேள்விக்கு விடை தேடியது. புரந்தரே குடும்பம். அவர்கள் வழி வேறு. வயிற்றின் முன்சுவர்த் தசையை மூடியிருக்கும் உறையிலிருந்து கீற்றுகள் எடுத்து, கர்ப்பப்பை வாயின் முன்புறத்தில் கட்டினார்கள். இருமும்போதும் தும்மும்போதும் வயிற்றுத் தசை இறுகும் இல்லையா, அப்போது கர்ப்பப்பையும் தானாக மேலே இழுபடும். ஷிரோட்கர் முறையைவிடச் செய்வதற்கு எளிது. ஆனால் கர்ப்பப்பை முன்பக்கமாக இழுபடுவதால் பின்னால் இடைவெளி உண்டாகி, குடல் அந்த வழியாக இறங்க வாய்ப்பு உண்டு. பின்னாளில் கன்னா என்பவர் இடுப்பெலும்பின் முன்முனையில் நாடாவைக் கட்டும் மூன்றாவது வழியைச் சொன்னார். உடலின் இயல்பான அமைப்புக்கு மிக நெருக்கமானது ஷிரோட்கர் முறை, செய்வதற்கு மிகக் கஷ்டமானதும் அதுவே. இந்தியாவில் எம்.பி.பி.எஸ். படிக்கிறவர்கள் இந்த மூன்று ஸ்லிங்குகளையும் பரீட்சைக்காகவாவது மனப்பாடம் செய்துவிடுவார்கள்.

சென்னையில் அச்சான உலகப் புகழ்

இனி அந்தத் தையல் கதை.

கர்ப்பப்பை வாய் என்கிற பூட்டின் அருமை தெரிந்த ஷிரோட்கர், பூட்டே பழுதாகி வருகிற பெண்களையும் கவனித்தார். நாலு மாசம் தாண்டும்வரை எல்லாம் நல்லாப் போகும். பிறகு வலியே இல்லாமல் வாய் திறந்துகொள்ளும், பிள்ளை போய்விடும். அடுத்த முறையும் அதேதான். ஹார்மோன் ஊசி, மாசக்கணக்கில் படுக்கை என்று அன்றைக்கு இருந்த வைத்தியம் எதுவும் பலிக்கவில்லை. கோளாறு ரத்தத்தில் இல்லை, வாயின் உறுதியில் இருக்கிறது என்பது அவர் முடிவு. ஆகவே கர்ப்பமாக இருக்கும்போதே வாயைச் சுற்றி நாடா போட்டு இறுக்கிக் கட்டினார். கீழிருந்து போய், மேல்தோலைத் திறந்து, சிறுநீர்ப்பையைக் கொஞ்சம் மேலே தள்ளிவிட்டு, வாயின் உள்விளிம்பு இருக்கும் உயரத்தில் கட்டு. நாடா அதே தொடை உறைதான்.

ஸ்லிங் ஆகட்டும், ஸ்டிச் ஆகட்டும், இரண்டுமே ஒரே ஆள் யோசனை என்பது இங்கே புரியும். உறுப்பை எடுக்காதே, அது இருக்கிற இடத்தில் நிற்க வை.

இந்த முறையை அவர் 1955-ல் எழுதி வெளியிட்டது லண்டன் பத்திரிகையில் இல்லை. சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்த ஆன்டிசெப்டிக் என்ற ஆங்கில மருத்துவ மாத இதழில். 1904-ல் டாக்டர் யு.ராமா ராவ் தொடங்கிய இதழ் அது. அவர் மகன் யு.கிருஷ்ணா ராவ் பின்னாளில் சென்னை மாகாண சட்டப்பேரவையின் சபாநாயகராக இருந்தவர். இன்று உலகத்தில் கர்ப்பப்பை வாய்த் தையல் பற்றி எந்த நாட்டில் யார் கட்டுரை எழுதினாலும், அடிக்குறிப்பில் சென்னையில் அச்சான அந்த இரண்டு பக்கக் கட்டுரைக்கு ஒரு இடம் உண்டு. சென்னைவாசிகள் பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டிய விஷயம். பேசப்படுவதே இல்லை.

இரண்டு வருஷம் கழித்து, 1957-ல், ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகர டாக்டர் இயன் மெக்டொனால்ட் இதையே எளிதாக்கினார். தோலைத் திறக்க வேண்டாம், சுருக்குப் பையின் வாயைக் கட்டுகிற மாதிரி சுற்றித் தைத்து இறுக்கினால் போதும். போடுவதும் சுலபம், எடுப்பதும் சுலபம். இன்றைக்குப் பல ஆஸ்பத்திரிகளில் போடுவது பெரும்பாலும் மெக்டொனால்ட் முறைதான். இருந்தும் வாய்ப்பேச்சில் ஷிரோட்கர் பெயரே நின்றுவிட்டது.

1960-ல் தன் ஆபரேஷன் முறைகளை எல்லாம் தொகுத்து ஒரு புத்தகம் போட்டார். ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் வெளியானது. கருக்குழாய் அடைப்பைச் சரிசெய்யும் முறைகளிலும் அவர் பெயர் உண்டு. இன்னொரு பக்கம் குடும்பக் கட்டுப்பாட்டு இயக்கத்திலும் ஈடுபட்டார். பிள்ளை இல்லாதவர்களுக்குப் பிள்ளை, போதும் என்பவர்களுக்கு நிறுத்தம். வெளியே பார்த்தால் முரணாகத் தெரியும். ஓயாத பிரசவத்தால் உடம்பு தளர்ந்த பெண்களைத் தினமும் பார்த்த டாக்டருக்கு இதில் முரண் எதுவும் தெரிந்திருக்காது.

எடுத்துட்டா முடிஞ்சிடுமா?

கர்ப்பப்பையை எடுத்துட்டா அப்புறம் இறங்க என்ன இருக்கு? நியாயமான கேள்வி. ஆனால் பதில் வேறு. கர்ப்பப்பையை எடுத்தபின் பிறப்புறுப்பின் மேல்முனையைத் தைத்து மூடிவிடுவார்கள். அந்தத் தைத்த உச்சிப்பகுதி கூரை மாதிரி. கூரையைத் தாங்குவதும் அதே பழைய தசைநார்கள்தான். அவை ஏற்கெனவே நைந்திருந்தால், சில வருஷம் கழித்துக் கூரையே கீழே இறங்கி, சட்டைக் கையை உள்ளே வெளியே திருப்பின மாதிரி வந்துவிடும். உச்சி இறக்கம் என்று இதைச் சொல்லலாம். இறக்கத்துக்காகவே கர்ப்பப்பையை எடுத்துக்கொண்ட பெண்களுக்கு இந்த ஆபத்து மற்றவர்களைவிட அதிகம்.

இதைச் சரிசெய்ய இன்று இருக்கிற வழிகள் பெரும்பாலும் ஷிரோட்கர் வேலை பார்த்த அதே காலத்தில் பிறந்தவை. 1957-ல் அமெரிக்காவின் மில்டன் மெக்கால், கர்ப்பப்பையை எடுக்கும்போதே சேக்ரம் தசைநார்களை நடுவில் சேர்த்துத் தைத்து உச்சியை அவற்றோடு பிணைக்கும் முறையைச் சொன்னார். வருமுன் காக்கிற வேலை. 1962-ல் லேன் என்ற அமெரிக்க டாக்டர், இறங்கிய உச்சியை வலை மாதிரியான செயற்கைத் துணியால் சேக்ரம் எலும்போடு இணைத்தார். ஷிரோட்கர் கர்ப்பப்பையைக் கட்டினாரே, கிட்டத்தட்ட அதே எலும்பு, அதே யோசனை. இன்றைக்கு இந்த ஆபரேஷனை லேப்ராஸ்கோப்பி மூலமும், பெரிய ஆஸ்பத்திரிகளில் ரோபோ உதவியோடும் செய்கிறார்கள்.

வயிற்றைத் திறக்காமல் கீழ்வழியாகவே செய்வது இன்னொரு வகை. உட்காரும் எலும்புப் பகுதியிலிருந்து சேக்ரம் வரை போகும் ஒரு கெட்டியான தசைநாரில், பெரும்பாலும் வலதுபுறமாக, உச்சியைத் தைத்துவிடுவார்கள். ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில் வளர்ந்த முறை. 1971-ல் ராண்டால், நிக்கோல்ஸ் என்ற இரு டாக்டர்கள் மூலம் அமெரிக்காவில் பரவியது. நேரம் குறைவு, வயதானவர்களுக்கு ஏற்றது. சிலருக்குப் பிட்டத்தில் வலி கொஞ்ச நாள் இருக்கும். பக்கத்திலேயே முக்கியமான நரம்பும் ரத்தக் குழாயும் ஓடுவதால் அனுபவப்பட்ட கை வேணும்.

நடுவில் ஒரு பெரிய சறுக்கலும் நடந்தது. 2000-களில், கீழ்வழியாகவே செயற்கை வலையை வைத்துத் தைக்கும் ரெடிமேட் கிட்கள் உலகமெங்கும் வேகமாகப் பரவின. வலை சதையை அரித்து வெளியே வந்தது, தீராத வலி, தொற்று என்று ஆயிரக்கணக்கான பெண்கள் கோர்ட் படியேறினார்கள். 2011-ல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. எச்சரித்தது. பிரிட்டன் 2018-ல் நிறுத்தி வைத்தது. 2019 ஏப்ரலில் எஃப்.டி.ஏ., இறக்கத்துக்காகக் கீழ்வழியில் வைக்கும் வலைகளின் விற்பனையையே நிறுத்தச் சொல்லிவிட்டது. வயிறு வழியாக எலும்பில் கட்டும் வலைக்கு இந்தத் தடை இல்லை.

கஷ்டமான வேலை, ஓரம்போன முறை

ஷிரோட்கர் ஸ்லிங் இன்று எவ்வளவு பேருக்குச் செய்யப்படுகிறது என்று கேட்டால், உண்மையைச் சொல்லணும். அது பரவலாக நிற்கவில்லை. சிறுநீர்க்குழாய், குடல், ரத்தக் குழாய் எல்லாவற்றுக்கும் நடுவில் பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை. இடதுபுற வளையத்தைத் தவிர்க்க, ஒரு பக்கம் மட்டும் எலும்பில் கட்டும் மாற்று முறைகள் பின்னாளில் வந்தன. கர்ப்பப்பையை எடுப்பது எந்த ஊர் டாக்டருக்கும் பழகிய வேலை, எடுத்துடலாம் என்று சொல்வதும் சுலபம்.

அந்தச் சுலபம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு ஷிரோட்கரின் மகாராஷ்டிராவே சாட்சி. 2019-ல் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்கள் ஏராளமானோர் இளம் வயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துக்கொண்ட விவகாரம் வெடித்தது. மாதவிடாய் நாளில் வேலைக்கு வராவிட்டால் கூலி போகும், அபராதம் விழும் என்ற பயம் ஒரு பக்கம். சின்ன வெள்ளைப்படுதலுக்குக்கூட எடுத்துடலாம் என்று சொன்ன தனியார் கிளினிக்குகள் மறுபக்கம். மாநில அரசு விசாரணைக் குழு போட்டது. தேவையில்லாத கர்ப்பப்பை நீக்கம் பற்றிய பொதுநல வழக்கில், 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசின் வழிகாட்டுதல்களை 3 மாசத்துக்குள் அமல்படுத்தச் சொல்லி மாநிலங்களுக்கு உத்தரவிட்டது.

எல்லாருக்கும் ஆபரேஷன் தேவையும் இல்லை. ஆரம்ப நிலை இறக்கத்துக்கு இடுப்புத் தளப் பயிற்சி இருக்கிறது. 1948-ல் அமெரிக்காவின் ஆர்னால்ட் கீகல் பிரபலப்படுத்தியது. சிறுநீரைப் பாதியில் நிறுத்துவதற்கு இறுக்குகிற அதே தசையை, சாதாரண நேரத்தில் இறுக்கி இறுக்கி விடணும். அவ்வளவுதான். ஆபரேஷன் தாங்காத உடம்பு, உடனே வேண்டாம் என்பவர்களுக்கு வளையம். பிள்ளை வேண்டும் என்பவர்களுக்கும், கர்ப்பப்பையை இழக்க விரும்பாதவர்களுக்கும் அதைக் காப்பாற்றும் ஆபரேஷன்கள் உண்டு. எடுத்துத்தான் ஆகணுமா, காப்பாற்ற வழி இருக்கா, எடுத்தால் உச்சி இறங்காமல் என்ன செய்வீங்க? டாக்டரிடம் இந்த மூன்றையும் கேட்கத் தயங்க வேண்டாம்.

ஷிரோட்கருக்கு 1971-ல் பத்ம விபூஷண் விருது கிடைத்தது. அதே வருஷம் காலமானார். அவர் பிறந்த ஷிரோடா, 1961 டிசம்பரில் கோவா விடுவிக்கப்பட்டபோதுதான் இந்தியாவோடு சேர்ந்தது. அப்போது அவருக்கு 62 வயசு. இந்தியாவின் பெயரை உலக மருத்துவப் புத்தகங்களில் ஏற்றிய அந்தக் கட்டுரை வெளியான நாளில், அவர் சொந்த ஊர் இந்திய வரைபடத்துக்குள் இல்லை.

ஸ்டிச் போட்டிருக்கும் கர்ப்பிணிகள் கவனத்துக்கு ஒரு விஷயம். வழக்கமாக 12 முதல் 14 வாரத்துக்குள் போடுகிற தையலை, 37-வது வாரம் வாக்கில் எடுத்துவிடுவார்கள். அதற்கு முன்பே வலி எடுத்தாலோ பனிக்குடம் உடைந்தாலோ, புது ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதல் வார்த்தையாக ஸ்டிச் இருக்கிறது என்று சொல்லிவிடணும். தையலோடு பிரசவ வலி முற்றினால் கர்ப்பப்பை வாய் கிழிந்துவிடும்.